அனிரிடியா: கண்ணுக்காகப் போனோம், சிறுநீரக ஸ்கேனும் எடுத்தோம்

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு கண்களிலும் ஐரிஸ் எனப்படும் நிறத்திரை ஏறத்தாழ இல்லை. வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்கவே மாட்டாள். விழிகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. குழந்தைகள் கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது அனிரிடியா என்றார்.

உடனே அவர் வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் உருவாவதை வழிநடத்தும் பாக்ஸ் 6 என்ற மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு அருகிலேயே, சிறுநீரகம் சரியாக வளரத் தேவையான டபிள்யூ.டி. 1 என்ற மரபணுவும் இருப்பதால், அந்தப் பகுதி மொத்தமாக விடுபட்டுப் போன குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். குடும்பத்தில் வேறு எவருக்கும் இக்குறை இல்லாத நிலையில் இந்த ஐயத்தைத் தீர்த்தே ஆக வேண்டும் என்பதால், மரபணு முடிவு வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தோம். மரபணுப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பெற்றோர், எழுத்துப் பிழை போன்ற சிறு மாற்றங்களை மட்டுமன்றி, பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சிறு மாற்றங்களைத் தேடும் சோதனையை மட்டும் செய்தால், பெரிய துண்டு விடுபட்டிருப்பது கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடும். எங்கள் மகளுக்குப் பாக்ஸ் 6-க்குள் மட்டுமே மாற்றம் இருந்தது. சிறுநீரக ஸ்கேன் அத்துடன் நின்றது.

நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். "சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி" என்று உறவினர்கள் சொன்னது என்னை நெடுநாள் வாட்டியது. நெருங்கிய உறவில் மணம் செய்தால், இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே குறை வந்துசேரும் நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் அனிரிடியாவுக்கு, மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் ஏற்படும் மாற்றமே போதும். எங்கள் இருவரின் இரத்தத்திலும் அது இல்லை, மகளிடம் புதிதாகத் தோன்றியது என்று மரபணு ஆலோசகர் அறிக்கையைக் காட்டிச் சொன்னார். அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீதம்.

விழித்திரையின் நடுப்பகுதி முழுமையாக வளராததால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையாகத் தெளிவதில்லை. நிறக் கண்ணாடியும் தொப்பியும் கண் கூச்சத்தைக் குறைக்கின்றன. வகுப்பில் முதல் வரிசை கேட்டு வாங்கினோம். கண் அழுத்தம் எந்த வயதிலும் உயரலாம் என்பதால், அந்த அழுத்தத்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படும் குளுக்கோமா நோய்க்கான பரிசோதனையை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துள்ளோம்.