கயிற்றை இழுத்தால் நிற்கும் வரிசை

கார் எப்படி உருவாகிறது என்று பார்க்கப் போன நான், முதல் நாளின் பெரும்பகுதியைத் தறிகளுக்கு முன்னால் கழித்தேன். ஜப்பானின் நகோயா நகரில், செங்கல் சுவர்கள் கொண்ட பழைய நெசவாலை வளாகத்தில், டொயோட்டாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1994ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஒரு பகுதியில் நெசவு இயந்திரங்கள், மறு பகுதியில் கார்கள். நேராகக் கார்களிடம் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி என்னை நிறுத்திவிட்டது.

ஓடிக்கொண்டிருந்த அந்தத் தறியில் பணியாளர் ஒருவர் பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) ஒன்றை வேண்டுமென்றே அறுத்துக் காட்டினார். ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. நூல் அறுந்ததும் அதன் தகடு கீழே விழ, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவது நின்று தறி அடங்குகிறது. பழுதான துணி ஒரு முழம்கூட நெய்யப்படுவதில்லை என்பதால், ஒருவரே பல தறிகளைக் கவனித்துக்கொள்ள முடிந்தது. இந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் பிரிட்டனின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு வழங்கினார்கள். சகிச்சியின் மகன் கீச்சிரோ 1933இல் டொயோடா குடும்பத்தின் தறி நிறுவனத்துக்குள் கார்ப் பிரிவைத் தொடங்கினார். தறியின் குணம் காருக்கும் வந்து சேர்ந்ததை மறுநாள் கண்ணால் கண்டேன்.

அதற்கு முன் வடிவமைப்பைப் பற்றிக் கொஞ்சம். கணினியில் எல்லாம் வரைந்துவிடும் இந்தக் காலத்திலும் புதிய காரின் உடலை முழு அளவில் களிமண்ணில் செய்து பார்க்கும் வழக்கம் நீடிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் 1927 முதல் வடிவமைப்புப் பிரிவை நடத்திய ஹார்லி ஏர்ல் வேரூன்றச் செய்த முறை இது. களிமண் என்று சொல்கிறார்களே தவிர, மெழுகும் எண்ணெயும் கலந்த அந்தச் சாந்து சூட்டில் இளகி, ஆறியதும் சுரண்டி இழைக்கும் அளவுக்கு இறுகிவிடும். கதவின் வளைவில் வெளிச்சம் எங்கே நெளிகிறது என்பதைத் திரையில் பார்ப்பதும், எதிரே நின்று நடந்தபடி பார்ப்பதும் ஒன்றல்ல. அழகோடு வேலை முடிவதில்லை. அந்த போல்ட்டை முடுக்கக் கை நுழையுமா, அந்தத் தகட்டை அச்சில் அழுத்தினால் கிழியாமல் வருமா என்ற கேள்விகளும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

மறுநாள் அதே வட்டாரத்தில் ஒரு கார் தொழிற்சாலைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். பிரஸ் ஷாப்பில் சுருளாக வந்த எஃகுத் தகடு அச்சுகளுக்கிடையே அழுந்தி பானெட்டாகவும் கதவாகவும் வெளிவந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. பாடி ஷாப்பில் மனிதர்கள் அரிது. ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ரோபோக்களே வைக்கின்றன. தூசு ஆகாது என்பதால் பெயிண்ட் ஷாப்பை எங்களுக்குக் காட்டவில்லை.

எனக்குப் பிடித்தது இறுதி அசெம்பிளி வரிசைதான். மேலே நடைபாலத்தில் நின்று கீழே பார்த்தோம். வண்ணம் பூசி வந்த உடலிலிருந்து முதலில் கதவுகளைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே புகுந்து வேலை செய்ய இடம் வேண்டுமல்லவா? கதவுகள் வேறொரு கன்வேயரில் தனியாகப் பயணம் செய்து கடைசியில் தம்முடைய காரையே வந்து சேருகின்றன. திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள். அவற்றில் இருக்கை போன்ற பெரியவை, எந்தக் கார் எப்போது வருமோ அதே வரிசையில் வந்து இறங்குகின்றன.

இளைஞர் ஒருவரையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். சீட் பெல்ட்டின் போல்ட்டை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகுதான் கருவியை வைத்து முடுக்குவார். ஒருமுறை விரல் பாதியில் நின்றது. மரை சரியாக ஏறவில்லை போலும். உடனே தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்தார். ஒரு சிறு இசை ஒலித்தது, பலகையில் அவருடைய நிலையத்தின் எண் மஞ்சளாக எரிந்தது. குழுத் தலைவர் வந்து போல்ட்டை வெளியே எடுத்து, மரையைப் பார்த்து, வேறொன்றைப் பொருத்தினார். கார் அந்த நிலையத்தின் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டதால் வரிசை நிற்கவில்லை. தொட்டிருந்தால் நின்றிருக்கும்.

ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையைத் தவிர்த்துவிட்டு இந்த வரிசைகளைப் பற்றி எழுத முடியாது. 1913இல் அங்கே நகரும் வரிசை வந்த பிறகு, ஒரு டி மாடல் காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், சில மாதங்களில் 93 நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் அந்த வேகத்தைத் தாங்காமல் தொழிலாளர்கள் வந்த வேகத்தில் வெளியேறியதும், 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் கூலியை ஃபோர்டு அறிவித்ததும் அதே கதையின் மறுபக்கம். வேகத்தைத்தான் எல்லோரும் வியக்கிறோம்; கடைநிலைத் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும் அந்தக் கயிறுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் எங்கேயோ சிவப்பு விளக்கு எரிந்து வரிசை நின்றது. யாரும் பதறவில்லை. அந்த இளைஞர் தம் தட்டில் இருந்த போல்ட்டுகளை நேராக அடுக்கத் தொடங்கினார். மூன்றாவது போல்ட்டை வைப்பதற்குள் கார்கள் மறுபடி நகர்ந்தன.