‘லெமன்’ கேட்ட நாட்கள்

2024 மார்ச் 10, ஞாயிறு

ஜப்பானியப் பாடகர் கென்ஷி யோனெசுவின் ‘லெமன்’ பாடலை இன்றுமுதல் சொல் சொல்லாகக் கேட்பது என்று உட்கார்ந்தேன். முன்னிசை எதுவுமின்றி ‘யுமே’ என்று குரலே தொடங்கிவிடுகிறது. யுமே என்றால் கனவு; இது கனவாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்குகிறது முதல் வரி. பிறகு தாளத்தினூடே, யாரோ விக்கியதைப் போன்ற ஒரு சிறு ஒலி விட்டுவிட்டு வருகிறது. துக்கப் பாட்டில் இது எதற்கு என்று ஒரு காலத்தில் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது அது வராத இடங்களில் காது அதைத் தேடுகிறது.

2024 மார்ச் 12, செவ்வாய்

காரணம் விளங்காத மரணங்களை ஆராயும் உடற்கூறாய்வுக் கூடமொன்றின் கதையாக, 2018 ஜனவரியில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அன்நேச்சுரல்’ தொடருக்காக எழுதப்பட்ட பாட்டு இது. காயம்பட்டவர்களை மெல்ல அணைத்துக்கொள்ளும் பாட்டைத்தான் அவரிடம் கேட்டிருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தபோதே அவருடைய தாத்தா இறந்துபோக, பிறருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய பாட்டு, நீங்கள் இறந்தது எனக்குத் துயரமாக இருக்கிறது என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வதாக ஆகிவிட்டது என்று அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அப்படி ஆனதே நல்லது என்பேன்.

2024 மார்ச் 14, வியாழன்

2018 இல் இதே நாளில்தான் இசைத்தட்டு வெளியானது. பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியலில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இதற்கே முதலிடம்.

பல்லவியில் ‘கனஷிமி சாஎ, குருஷிமி சாஎ’ என்று வருகிறது. கனஷிமி துக்கம், குருஷிமி வேதனை. ‘சாஎ’ தமிழின் ‘கூட’வைப் போலப் பெயர்ச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதால், அன்றைய துக்கத்தைக்கூட, அன்றைய வேதனையைக்கூட என்று வரிசை குலையாமல் எழுத முடிகிறது. அவை அத்தனையையும் நேசித்தேன் என்று வாக்கியம் முடிந்த பிறகு, விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோல ‘உங்களோடு சேர்த்து’ என்று ஒரு துண்டு வருகிறது. என் தொண்டை அடைப்பது அங்கேதான்.

2024 மார்ச் 16, சனி

2018 டிசம்பர் 31 அன்று, ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியான ‘கோஹாகு’வுக்காக, யோனெசு தன் சொந்த ஊர்ப்பக்கமான தோகுஷிமாவின் ஓட்சுகா கலை அருங்காட்சியகத்தில், சிஸ்டைன் தேவாலய ஓவியங்களின் பீங்கான் நகல்களுக்குக் கீழே, மெழுகுவத்திகளின் நடுவே நின்று பாடினார். தொலைக்காட்சி நேரலையில் அவர் பாடியது அதுவே முதல் தடவை.

கடைசி வரிகளில் சிக்கிக்கொண்டேன். இரண்டாக அறுத்த பழத்தின் ஒரு பாதியைப் போல, இப்போதும் ‘அனாதா’ என் ஒளி. அந்த ‘அனாதா’ நீயா, நீங்களா? காதலர் என்றால் நீ, தாத்தா என்றால் நீங்கள். ஜப்பானியத்தில் இந்த இக்கட்டே இல்லை. வியாழனன்று யோசிக்காமலேயே ‘உங்களோடு’ என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்றவில்லை.