வைட்னருக்கு அடியில் இருந்த அட்ரஸ்

லண்டனில் இருக்கும் என் சித்தி பையன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். போன வாரம் முழுக்க பெனிஃபிட், அதாவது அங்கே அரசாங்கம் தரும் உதவித்தொகை பற்றிய புராணம். பாகிஸ்தான்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும் வேலைக்கே போகாமல், இவன் கட்டுகிற வரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். "டேட்டாவே இருக்குண்ணா, நீங்களே பாருங்க."

பார்த்தேன். பாதி சரிதான். பிரிட்டனில் அந்த இரண்டு சமூகங்களிலும் வேலையில்லாதவர்கள் விகிதம் வெள்ளைக்காரர்களைவிடப் பல வருஷமாகவே சுமார் இரண்டு மடங்கு. ஆனால் அங்கே உதவித்தொகை வாங்குகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். சம்பளம் வீட்டு வாடகைக்கே பற்றாது, அதற்கு மேல் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வருகிறது. அப்புறம், 2009-ல் அங்கே அரசாங்கமே நடத்தச் சொன்ன ஒரு சோதனை. படிப்பும் அனுபவமும் ஒரே தரம், பெயர் மட்டும் வேறு. இப்படி ஏறக்குறைய 3,000 விண்ணப்பங்களை அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெயர் என்றால் 9 விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல பதில், மற்ற பெயர்களுக்கு 16 போட வேண்டியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு லண்டன் ஞாபகம் வரவில்லை, சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலை ஞாபகம்தான் வந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு அங்கே ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி அட்ரஸ் வந்தால் தனியாக எடுத்து வை என்று மேலே இருந்தவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் கிடையாது, இதையெல்லாம் யாராவது எழுதி வைப்பார்களா? 2000-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்தெல்லாம் குடிசைகளைக் காலி செய்து கொண்டுபோய்க் குடிவைத்த இடம் கண்ணகி நகர், செம்மஞ்சேரியும் அப்படித்தான். பெரும்பாலும் தலித் மக்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த வேலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குப் போய்விட்டது.

ஒருநாள் பி.காம். முடித்த பையன் ஒருவனின் ரெஸ்யூம் வந்தது. பிரவுசிங் சென்டரில் அடித்த பிரிண்ட். அட்ரஸில் ஒரு வரிக்கு மட்டும் வைட்னர் பூசி, மேலே நீல பால்பாயிண்ட் பேனாவில் 'துரைப்பாக்கம்' என்று எழுதியிருந்தான். பின்கோடை மாற்ற வேண்டியிருக்கவில்லை, இரண்டுக்கும் 600097தான். தாளைத் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் இருந்தது தெரிந்தது. அதையும் தனியாகத்தான் வைத்தேன். வீட்டில் இ.எம்.ஐ. இருந்தது, மேலதிகாரி சொன்னார் என்றெல்லாம் சொல்லலாம்தான், ஆனால் திருப்பிப் பார்த்தது நான்.

இந்தியாவிலும் பெயரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் ஆட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நமக்குப் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டாயிற்று. அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்? எந்த ஏரியா?

இன்னொன்று, லண்டன் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. 2022-23 தேசிய ஆய்வில் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடம் 13.4. வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமென்றால் அதுவரை யாராவது சோறு போட வேண்டுமே. அந்தப் பி.காம். பையன் மறுநாளே ஹவுஸ்கீப்பிங்கிலோ பெயிண்ட் வேலையிலோ சேர்ந்திருந்தால், சர்க்கார் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். வேலையில்லாப் பட்டதாரிக்குத் தமிழக அரசு தருவது மாதம் 600 ரூபாய், அதுவும் பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகு. அதை வாங்கிக்கொண்டு எவன் உட்கார்ந்து சாப்பிடுவான்?

ஆனாலும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் 'இலவசம் வாங்கியே சோம்பேறியாகிவிட்டார்கள்' என்று வாரம் ஒருவர் எழுதுகிறார். எங்கள் வீட்டிலும் அரிசி கார்டுதான், 2011-லிருந்து இலவசம். அம்மா அதை ஒரு மாதமும் விட்டதில்லை. அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

சித்தி பையன் பெயர் 'நாதன்' என்று முடியும். போன புதிதில் மூணு மாசம் ஒரு இன்டர்வியூகூட வராமல், முன்பாதியை வெட்டிவிட்டு, வெள்ளைக்காரப் பெயர் மாதிரி நேதன் ஆனான். "இன்னும் நேதன்தானே?" என்று கேட்டேன்.

"அது வேறண்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியம்மா எங்கே?"

"ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டுக்கிட்டு இருக்காங்க."