முழு அணியையும் கர்னலுக்குள் அனுப்புதல்

ஜிபியுவில் கணக்கிட உதவும் பைத்தான் நூலகமான கூபையில் (CuPy) உறுப்புவாரிக் கர்னல் (அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே இயங்கும் சிறு நிரல்) எழுதும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் அணியின் ஓர் உறுப்பு மட்டுமே கைக்கு வருகிறது. கூட்டல், பெருக்கலுக்கு அதுவே போதும். ஆனால் மூன்று புள்ளி நகரும் சராசரி எடுக்க முனைந்தபோது, இருபுறத்து அண்டை உறுப்புகளும் எனக்குத் தேவைப்பட்டன. உள்ளீட்டு அறிவிப்பில் வகைப்பெயருக்கு முன்னால் ‘ரா’ (raw) என்ற சொல்லைச் சேர்த்தால், உறுப்பைத் தானாகவே எடுத்துத் தரும் சுட்டெண் முறை விலகி முழு அணியும் உள்ளே கிடைக்கிறது. பிறகு நடப்புச் சுற்றைக் குறிக்கும் ‘ஐ’ (i) என்னும் சுட்டெண்ணிலிருந்து 1 குறைத்தும் கூட்டியும் அண்டை உறுப்புகளை நாமே எடுத்துக்கொள்ளலாம். ‘ரா’ அணிகள் பிராட்காஸ்டிங்கில் (வெவ்வேறு வடிவ அணிகளை ஒரே வடிவத்துக்குப் பொருத்துவதில்) சேர்வதில்லை. ஆகவே எல்லா அளவுருக்களையும் அப்படி அறிவித்தால், அழைக்கும்போது எத்தனை சுற்று என்ற அளவையும் தனியே தர வேண்டும்.

சுட்டெண் அணிக்கு வெளியே போகிறதா என்ற எல்லைச் சோதனை கிடையாது என்பதால், முதல் உறுப்புக்கும் கடைசி உறுப்புக்கும் தனி நிபந்தனை எழுதினேன். அதன்பின்னும் விடை ஒவ்வொரு முறையும் சற்றே மாறியது. நினைவகத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் (என் பழைய நோய்) வெளியீட்டையும் அதே அணியில் எழுதியிருந்தேன். சுற்றுகளை ஒரே நேரத்தில் பல இழைகள் (threads) இயக்குவதால், ஓர் இழை படிக்கும் முன்பே பக்கத்து இழை அந்த மதிப்பை மாற்றிவிட்டது. வெளியீட்டுக்கு வேறு அணி கொடுத்ததும் விடை நிலைத்தது.