அரை ஷிப்ட்

போன ஜூலையில் நடந்தது. பெங்களூரா மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த நேரம். சந்தூர், பர்கூர் பக்கமிருந்து வந்த லோடு கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் பேக்டரி தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது சாயங்காலம் நான் ஷிப்ட் எழுதும் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு பேசிய ஐந்து நிமிடப் பேச்சு மட்டும்தான்.

பழம் அறுக்கும் மேஜையில் இருந்த ஒரு அம்மா, மகளுக்குக் காய்ச்சல் என்று 11 மணிக்குப் போய், ஊசி போட்டு வீட்டில் விட்டுவிட்டு 4 மணிக்குத் திரும்பி வந்தார்.

"முழு ஷிப்ட் போட்டுடுங்க சார்" என்றார்.

"மத்தவங்க கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?"

"அவங்கதான் சார் என்னைப் போகச் சொன்னாங்க. என் பங்கையும் அவங்களே அறுத்துட்டாங்க. கிரேட்டை எண்ணிப் பாருங்க."

எண்ணத் தேவையே இல்லை. அந்த மேஜையில் அன்றைக்குக் கணக்கு குறையவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தும் அரை ஷிப்ட்தான் போட்டேன்.

இல்லாத நேரத்தை இருந்ததாக எழுதுவது பொய். அந்தப் பொய்யை ஒருவருக்கு எழுதினால் நாளைக்கு மேஸ்திரிகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் எழுதச் சொல்வார்கள். இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் மற்றவர்களுக்கு அநியாயம் ஆகிவிடும் என்றுதானே அன்றைக்குச் சொன்னேன்? அந்த மற்றவர்கள் நாலு பேரும் பக்கத்திலேயே கை கழுவிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி பைபிளில் கலாத்தியர் 6-ல் இருப்பதை நான் ஜெபக்கூட்டத்தில் வாசித்திருக்கிறேன், அதை அவர்கள் மத்தியானமே செய்து முடித்துவிட்டார்கள். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. அன்று ராத்திரி அதைத்தான் தேடிப் படித்தேன், எதற்காகத் தேடினேன் என்று எனக்கே தெரியும்.

மத்தேயு 20-ல் சாயங்காலம் 5 மணிவாக்கில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. கொடுத்தது தோட்டத்து எஜமான், அவர் பணம், அவர் இஷ்டம். கூலியை எண்ணி நீட்டியவன் காரியக்காரன், சொன்னதைச் செய்தவன். நானும் காரியக்காரன்தான், எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் மனசு கேட்காமல் கேட்டுக்கு வெளியே போய் என் பையிலிருந்து 250 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை. கூலியாகக் கேட்டதை நான் தர்மமாக ஆக்கிவிட்டேன் என்று பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. பணம் என்னவோ அதே பணம்தான். வீட்டில் மருந்துக்கு ஆகியிருக்கும், அது பெரிசில்லையா என்றும் தோன்றுகிறது.

இந்த சீசனிலும் அதே மேஜையில்தான் இருக்கிறார். போன வாரம் பக்கத்து அம்மா பாதி நாளில் கிளம்பினார், சாயங்காலம் திரும்பி வந்தும் ரிஜிஸ்டர் பக்கம் யாரும் வரவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. அரை ஷிப்ட் என்று எழுதிவிட்டேன்.

அன்றைக்கு முதலாளியின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. போன வாரமும் கேட்கவில்லை.