அடியில் பாலை, மேலே சப்போட்டா

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. நானும் எடுத்தேன். ஆனால் இரண்டு நாளும் என்னை உட்கார வைத்தது, தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில் நின்ற சப்போட்டா மரம்தான்.

முழங்கால் உயரத்தில் அதன் தண்டில் ஒரு வீக்கம். அதற்குக் கீழே பட்டை கறுத்து, முதலை முதுகாய் வெடித்திருக்கிறது. மேலே நிறமே வேறு.

"ஒட்டு மரம்ப்பா அது. அடியிலே பாலை, மேலே சப்போட்டா. இந்த வறட்சிக்குப் பாலை வேருதான் தாங்கும்" என்றார் வீட்டுக்கார ஆச்சி.

சப்போட்டாவின் ஊர் மெக்சிகோ பக்கம். பாலை நம் ஊர்க் காட்டு மரம். நடுவே இத்தனை கடல் இருந்தும் ஒட்டிக்கொண்டது எப்படி? இரண்டும் ஒரே பேரினம், பங்காளிகள். அண்டார்டிகாவில் நிலையாகப் பனி பிடித்தது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன். பூமி அப்படிக் குளிர்ந்ததை ஒட்டிய காலத்தில் இந்த வம்சம் ஆப்பிரிக்காவில் தோன்றி, பிறகு கண்டம் கண்டமாகப் பரவியது என்று மரபணுக்களை வைத்துக் கணிக்கிறார்கள்.

அது பழைய கதை. கிட்டத்துக் கதை இன்னும் சுவாரசியம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. பாக் நீரிணை வெறும் தரை. இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பருவமழையும் மெலிந்துபோயிற்று. ஈரம் கேட்கும் மரங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மடிப்புகள் அடைக்கலம் தந்தன என்று கருதுகிறார்கள். வேறெங்கும் இல்லாத பழைய வம்சங்கள் இன்றும் அங்கே குவிந்திருப்பதற்கு அது ஒரு காரணம். மழை தவறினாலும் தடித்த இலையோடு சமாளிக்கிற பாலை, வீரை போன்ற மரங்கள் சமவெளிக்கு வாய்த்தவை. இலங்கையின் வறண்ட காடுகளிலும் இதே ஜோடிதான்; சிங்களத்தில் பலு, வீர. மரத்தோடு பெயரும் பொது!

காரைக்குடி, சூரைக்குடி என்று ஊருக்கே முட்செடியின் பெயர் விழுந்த சீமை இது. இலுப்பைக்குடியும் உண்டு, இலுப்பை பாலைக்குச் சொந்தம்தான்.

கிளம்பும்போது ஆச்சி நாலைந்து சப்போட்டாவைப் பையில் போட்டார். பாலைப்பழம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஆனியிலே வா. தின்னா உதடு ரெண்டும் ஒட்டிக்கும், பேசவே முடியாது. உனக்கு அதுதான் சரி."