இறங்கிய கண்ணாடி ஏறவில்லை

காற்று வரட்டும் என்று மனைவி காரில் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வீடு வந்து சேர்ந்ததும் ஏற்றப் பார்த்தால் அசையவே இல்லை. ஓட்டுநர் கதவிலுள்ள ஸ்விட்சிலும் அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. மழை வரும்போல் இருந்ததால், பாலித்தீன் தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டு அன்று தூங்கப் போனேன்.

மறுநாள் முதல் வேலையாக ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மற்ற மூன்று கண்ணாடிகளும் ஓடின. ஓட்டுநர் கதவில் ஒரு லாக் பட்டன் இருக்கும். அது அழுந்தியிருந்தால் மற்ற கதவுகளின் ஸ்விட்சுகள் வேலை செய்யாது. அதுவும் இல்லை. அடுத்து ஒரு எளிய சோதனை. காருக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னல் ஸ்விட்சை அழுத்தியபடி விளக்கைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது என்று பொருள். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி நகராவிட்டால் ரெகுலேட்டரின், அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பின், கேபிள் அறுந்திருக்கலாம். எனக்கு விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடி முழுவதும் இறங்கியிருக்கவில்லை, ஓர் அங்குலம் மேலே நின்றிருந்தது. அந்தக் கதவின் ஸ்விட்சைக் கீழ்ப்பக்கம் அழுத்தினால் அந்த ஓர் அங்குலமும் இறங்கியது! அதாவது மோட்டார் உயிரோடு இருக்கிறது. ஏறும் பக்கம் மட்டும் இல்லை. ஓட்டுநர் ஸ்விட்சிலிருந்து ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஸ்விட்ச்தான் போயிருக்கும் என்று நினைத்து, அதே மாதிரி இருந்த பின்கதவு ஸ்விட்சைக் கழற்றி மாட்டினேன். எந்த மாற்றமும் இல்லை.

சரி, கதவைப் பிரிக்கத்தான் வேண்டும். சில கார்களில் கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும் என்பதால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்தபின், கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொன்றாக விடுவித்தேன். உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் தடுப்புத் தாளைக் கிழிக்காமல் உரித்தேன். பேட்டரியை மறுபடி மாட்டி, மோட்டார் கனெக்டரைப் பிரித்து, அதில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, மகளை ஏறும் பக்கம் அழுத்தச் சொன்னேன். 12 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, இறங்கும் பக்கம் மோட்டாரும் ஓடுகிறது, கண்ணாடி மட்டும் ஏறவில்லை! அரை மணி நேரம் இதிலேயே குழம்பினேன்.

மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. ஒரு வயரில் பத்துக் கம்பி அறுந்து ஒரே ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டாருக்கு ஆம்பியர் கணக்கில் கரண்ட் வேண்டும்; அங்கேதான் சாயம் வெளுக்கும். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்த இரண்டு முனைகளில் கோத்தேன். இறங்கும் பக்கம் அழுத்தியபோது பளிச்சென்று எரிந்தது. ஏறும் பக்கம் அழுத்தியபோது இழை லேசாகச் சிவந்ததோடு சரி. பல்பை விடாமல் மீட்டரை வைத்தேன்: 3 வோல்ட்தான்.

ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருந்த மகள் கதவைக் கொஞ்சம் நகர்த்தினாள். பல்பு ஒரு நொடி பிரகாசமாக எரிந்து மறுபடி மங்கியது. "அப்பா, கதவை ஆட்டினா எரியுதுப்பா!" என்றாள். அவள் சொன்னதுதான் விடை.

என் காரில் இருப்பதுபோன்ற எளிய வயரிங்கில், ஓட்டுநருக்குப் பக்கத்துக் கதவின் மோட்டாருக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஓட்டுநர் ஸ்விட்ச் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அதற்காக இரண்டு வயர்கள் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் போகின்றன. கதவை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை மடங்கி நிமிரும். கதவின் சொந்த ஸ்விட்சுக்குத் திசைக்கு ஒரு வயர் போதும், ஓட்டுநர் ஸ்விட்சுக்கு இரண்டும் வேண்டும். அதனால் அதில் ஒன்று போனால், கதவின் சொந்த ஸ்விட்சில் ஒரு திசை மட்டும் மிஞ்சும், ஓட்டுநர் ஸ்விட்சில் எதுவும் மிஞ்சாது. என் கண்ணாடி செய்ததும் அச்சு அசல் அதுதான்.

பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு ரப்பரை உருவிப் பார்த்தேன். ஒரு வயரின் தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் முறுக்கி டேப் சுற்ற மனம் வரவில்லை. சால்டர் (ஈயப் பற்று) வைத்த இடம் விறைத்துப்போகும். மடங்கும் இடத்தில் அது இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துவிடும். அதனால் அதே தடிமனில், நிறைய மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயரை ரப்பர் வழியாக நீளமாக விட்டு, ஒரு இணைப்பைக் கதவுக்குள்ளும் இன்னொன்றைத் தூணுக்குள்ளும் வைத்தேன். இரண்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டேன். வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்கே போனது.

பேட்டரியையும் கனெக்டரையும் மாட்டி அழுத்தியதும் கண்ணாடி ஒரே மூச்சில் ஏறியது. பிரித்ததோடு பிரித்ததாக, கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளங்களைத் துடைத்து சிலிக்கோன் ஸ்பிரே அடித்தேன். தண்ணீர் தடுப்புத் தாளை மறக்காமல் திரும்ப ஒட்டினேன். அதை விட்டால் மழைநீர் காருக்குள் இறங்கும்.

அதிகம் திறந்து மூடுவது ஓட்டுநர் கதவைத்தான் என்பதால் அதன் ரப்பரையும் உருவிப் பார்த்தேன். ஒரு வயரின் தோலில் வெடிப்பு விழுந்திருந்தது, செம்பு இன்னும் பளபளப்பாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த வயரில் அதையும் அன்றைக்கே மாற்றிவிட்டேன்.